கதையைக் கேட்பவர் வேறு, கதையைச் சுமப்பவர் வேறு: திரைக்கதைக்குக் கருத்தும் வாய்ப்பும் எப்படிக் கிடைக்கின்றன?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஷூட்டிங் வண்டி வந்து நின்றால் போதும், சுற்றுவட்டாரத்தில் கதை வைத்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கு அந்தத் தெருவில்தான் இருப்பார்கள். ஜெனரேட்டர் வண்டி ஓரமாக, கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கட்டு. “டைரக்டர் கையில இதைக் கொடுத்துட்டாப் போதும்ணே” என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நானும் இருபது வயதில் அப்படி நின்றிருக்கிறேன். பிறகு சென்னையில் ஆறு வருடம் கதை விவாதங்களில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இளையவர்களின் திரைக்கதைகளைப் படித்து, அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

கட்டைக் கொடுத்து என்ன ஆக வேண்டும் என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான். “படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும், பிடிச்சிருந்தா எடுக்கணும்.” ஒரே மூச்சில் இரண்டு வேலை. எழுதியதில் எது நிற்கிறது, எது சரிகிறது என்று ஒருவர் சொல்வது கருத்து. அந்தக் கதையைப் படமாக்கக்கூடியவரிடம் அது போய்ச் சேர்வது வாய்ப்பு. இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே கட்டைக் கொடுத்துக் கேட்பதால்தான் நல்ல கதைகள்கூட முதல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இரண்டும் எப்படி நடக்கின்றன என்று தனித்தனியாகப் பார்ப்போம்.

ஒரே கொட்டகையில் நடந்த காலம்

இந்தக் குழப்பம் வந்ததற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே இடத்தில்தான் நடந்தன.

யுத்தம் நடந்த 1940-களில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தம் ஏ.வி.எம் ஸ்டூடியோவைச் சொந்த ஊரான காரைக்குடியில் போட்டார். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுத்தான் படம் பிடித்தார்கள். 1947-ல் வெளியான ‘நாம் இருவர்’ இங்கே எடுத்த படம். அதன் கதை ப. நீலகண்டன் எழுதிய ‘தியாக உள்ளம்’ என்ற மேடை நாடகம். நாடகம் பிடித்துப்போய் மெய்யப்பன் அதைப் படமாக்கினார். 1948-ல் ஸ்டூடியோ சென்னை வடபழனிக்குப் போய்விட்டது.

நாடகம் எழுதியவருக்கு என்ன வசதி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள், எந்த இடத்தில் இருமினார்கள், எப்போது எழுந்து டீ குடிக்கப் போனார்கள் என்று ஓரத்தில் நின்று அவரே பார்க்கலாம். அடுத்த ஊரில் அந்த இடத்தை மாற்றிவிடலாம். படமாக்கக்கூடியவர் ஒரு நாள் அதே கொட்டகையில், அதே பாயிலோ நாற்காலியிலோ வந்து உட்காருவார். வருவதற்குள் நாடகம் நூறு தடவை திருத்தப்பட்டிருக்கும்.

இன்றைக்குத் திரைக்கதை எழுதுபவருக்கு அந்தக் கொட்டகை இல்லை. எழுதி முடித்த பிரதியை யாரும் பார்ப்பதற்கு முன்பே தயாரிப்பாளரிடம் நீட்டும் நிலைமை. முன்பு கொட்டகை செய்த வேலையை இப்போது நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லின் முகம் எந்தப் பக்கம்?

கருத்து எதற்காகத் தேவை என்பதற்கு ஆத்தங்குடிக்குப் போய் டைல்ஸ் போடுவதைப் பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. முதலில் கண்ணாடித் தகட்டை வைக்கிறார்கள். மேலே சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணம் கலந்த சிமென்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை அப்பி மட்டம் பண்ணுகிறார்கள். வேலை செய்பவர் கண்ணுக்குக் கடைசியில் தெரிவது சாம்பல் நிற முதுகு மட்டும்தான். பூ கீழே, கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியைப் பிரித்த பிறகுதான் முகம் தெரியும்.

எழுதுபவரும் முதுகுப் பக்கத்திலிருந்துதான் வேலை செய்கிறார். ஒரு பாத்திரம் ஏன் அழுகிறது என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அதை யோசித்திருக்கிறார். அந்தக் காரணம் தாளில் இறங்கியிருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. அவர் படிக்கும்போதெல்லாம் தாளில் இல்லாததையும் சேர்த்தே படிப்பார். அதனால் கருத்துக் கேட்பது திறமைக்கு மார்க் வாங்குவது இல்லை. கண்ணாடியைப் பிரித்துக் காட்டச் சொல்வது அது.

இதை ஒப்புக்கொண்டுவிட்டால் கேள்வியே மாறிவிடும். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். சொந்தக்காரரும் நண்பரும் நம் மேல் உள்ள அன்பினால் அப்படிச் சொல்கிறார்கள், அதில் தப்பு இல்லை. ஆனால் அதை வைத்து ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. “எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?”, “யாரை நம்பினீர்கள்?”, “அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு அன்பினால் பொய் சொல்ல வழி இல்லை.

ஒரு ஆச்சி, ஒரு கையெழுத்து

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு பெண்ணின் கதையை அவள் அனுமதியோடு சொல்கிறேன். நான்கு பங்காளிகளுக்குச் சொந்தமான பெரிய வீடு. மூன்று பேர் விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான்காவது பங்குக்கு உரிய ஆச்சி மறுக்கிறார். கடைசியில் மனம் மாறிப் போடுகிறார்.

முதல் பிரதியைப் படித்த எட்டுப் பேரில் ஆறு பேர் “கிளைமாக்ஸ் வீக்” என்றார்கள். அவள் கிளைமாக்ஸை மூன்று விதமாக மாற்றி எழுதினாள். ஒன்றில் மழை, ஒன்றில் தீ, ஒன்றில் பேரன் விபத்தில் சிக்குகிறான். எதுவும் ஒட்டவில்லை. அப்புறம் ஒரு நாள், சினிமாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பத்திர எழுத்தர் படித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்: “அந்த ஆச்சி ஏன் போட மாட்டேங்குறாங்க?”

“வீட்டு மேல பாசம்” என்றாள் அவள். பாசம் மற்ற மூன்று பேருக்கும்தானே இருக்கும் என்றார் அவர்.

குறை கிளைமாக்ஸில் தெரிந்தது, ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் முதல் இருபது பக்கம். மறுப்புக்குக் காரணம் இல்லாததால் சம்மதத்துக்கும் கனம் இல்லை. இரண்டு மாதம் கழித்து அவள் எழுதி வந்த பிரதியில், ஆச்சியின் கணவர் இளம் வயதில் மலேயாவுக்குப் போனவர், திரும்பவில்லை. பங்கு அவர் பெயரில் இருக்கிறது. வீட்டை விற்க வேண்டுமானால் அவர் இறந்துவிட்டார் என்று ஆச்சி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிளைமாக்ஸில் அவள் மாற்றியது நாலே வரி. படித்துவிட்டு என்னால் உடனே பேச முடியவில்லை.

படிப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்பது சரியாகத் தெரியும். ஏன் வலிக்கிறது, என்ன மருந்து என்பதில் அவர் பெரும்பாலும் தவறிவிடுவார். ஒரே இடத்தை இரண்டு மூன்று பேர் சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று நம்புங்கள். அவர்கள் சொன்ன தீர்வை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், பின்னோக்கிப் போய்த் தேடுங்கள். கேட்கும்போது நடுவில் விளக்கம் சொல்லவும் கூடாது. “அதுக்கு என்ன காரணம்னா...” என்று நாம் ஆரம்பித்தால், அந்தக் காரணம் தாளில் இல்லை என்று அர்த்தம். தியேட்டரில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் போய் நின்று நம்மால் விளக்க முடியாது.

சொல்லும் கதை, படிக்கும் கதை

தமிழ் சினிமாவில் கதை பெரும்பாலும் காதால் கேட்கப்படுகிறது. இதைத்தான் நரேஷன் என்கிறோம்: எழுதியவர் தயாரிப்பாளர் முன்போ நடிகர் முன்போ உட்கார்ந்து முழுக் கதையையும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் சொல்வது. அதற்குமுன் கேட்கப்படுவது ஒன்லைன், அதாவது யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பது ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வாக்கியம். எல்லாம் முடிந்து காட்சி, வசனத்தோடு கட்டப்பட்ட முழுப் பிரதிதான் பவுண்ட் ஸ்கிரிப்ட்.

நரேஷனில் ஒரு ஆபத்து இருக்கிறது. குரல் நல்ல குரலாக இருந்தால் ஓட்டைகள் தெரியாது. கை அசைவிலும் பின்னணி இசையை வாயால் போடுவதிலும் பலவீனமான காட்சி தப்பித்துவிடும். கூச்ச சுபாவம் உள்ளவர் சொன்னால் பிரமாதமான காட்சியும் விழுந்துவிடும். நம் ஊர்ப் பெண்கள் பலர் தாளில் அருமையாக எழுதிவிட்டு, எதிரே நாலு பேர் உட்கார்ந்தால் குரல் இறங்கிப் போவதைப் பார்த்து எனக்கு மனம் கனத்திருக்கிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது ஒருவர் தாளை மட்டும் படிக்கட்டும். பிறகு நாலு பேரைக் கூட்டி ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வாயில் வராத வசனம் அந்த நிமிடமே தெரிந்துவிடும். நரேஷனைக் கடைசியாக, அதைத் தனி வேலையாக நினைத்துப் பழகுங்கள்.

தொழில்முறைக் கருத்துக்கு வெளிநாட்டிலும் மும்பையிலும் கவரேஜ் என்று ஒரு வழக்கம் உண்டு. நிறுவனம் நியமித்த வாசகர் ஒருவர் திரைக்கதையைப் படித்து, கதைச் சுருக்கம், பலம், பலவீனம், கடைசியில் வேண்டாம், யோசிக்கலாம், எடுக்கலாம் என்ற மூன்றில் ஒன்று என எழுதித் தரும் சில பக்க அறிக்கைதான் அது. அது எழுத்தாளருக்காக எழுதப்படுவதில்லை, முதலாளியின் நேரத்தை மிச்சப்படுத்த எழுதப்படுகிறது. காசு வாங்கிக்கொண்டு எழுத்தாளருக்கே இப்படி அறிக்கை தருபவர்களும் இருக்கிறார்கள். கட்டணம் கட்டினால் ஒரு அந்நியரின் நேர்மையான வாசிப்பு கிடைக்கலாம். அதற்குமேல் “தயாரிப்பாளரிடம் சேர்த்துவிடுகிறோம்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கதையை எடுக்க விரும்புபவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும்.

இதுவரை பார்த்தது கருத்தைப் பற்றி. எழுதியவர் கண்ணுக்குத் தெரியாத முகத்தைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அவர் வலியைச் சொல்வார், காரணத்தை நாம்தான் தேட வேண்டும். சொல்லும் கதையையும் படிக்கும் கதையையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இவ்வளவும் வாய்ப்பு தேடிக் கிளம்புவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை.

வாய்ப்பு உண்டியல் மாதிரி நகர்கிறது

ஒரு கணக்குப் போடுவோம். பொதுவான வடிவத்தில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பார்கள். 120 பக்கத்தை ஒழுங்காகப் படிக்க இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு அலுவலகத்துக்கு வாரம் பத்துக் கட்டு வந்தால் இருபது மணி நேரம். படப்பிடிப்பில் இருக்கும் இயக்குநரிடம் அந்த நேரம் இல்லவே இல்லை. அவர் நம் கட்டைத் திறக்காதது திமிரால் இல்லை. முன்பின் தெரியாத பிரதியை வாங்கினால், பின்னாளில் அவர் எடுக்கும் படத்தோடு அது ஒத்துப்போனால் வழக்கு வரும் என்ற பயமும் உண்டு. பல நிறுவனங்கள் அப்படி வரும் பிரதியைத் தொடுவதே இல்லை.

அப்படியென்றால் அவர்கள் எதைத்தான் படிக்கிறார்கள்? அவர்கள் நம்பும் ஒருவர் “இதைப் படிங்க” என்று சொன்னதைப் படிக்கிறார்கள். விஷயம் முழுதும் இதில்தான் இருக்கிறது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், உண்டியலைச் சொன்னால் போதும். கோயில் உண்டியலைச் சொல்லவில்லை, நகரத்தார் வட்டித்தொழிலில் புழங்கிய உண்டியலை. பர்மாவிலோ மலேயாவிலோ ஒரு கடையில் பணம் கட்டினால் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டை வேறு ஊரில் வேறு கடையில் காட்டினால் பணம் கிடைக்கும். அந்தக் கடைக்காரர் சீட்டைக் கொண்டுவந்தவரை முன்பின் பார்த்திருக்க வேண்டியதில்லை. சீட்டில் உள்ள விலாசத்தை, அதாவது அந்தக் கடையின் அடையாள எழுத்துகளை, அவருக்குத் தெரியும். எழுதித் தந்தவர் தம் பெயரைப் பணயம் வைத்திருக்கிறார். சீட்டு பொய்யானால் அவருடைய பெயர் போகும்.

திரைக்கதையும் அப்படித்தான் நகர்கிறது. உதவி இயக்குநர் ஒருவர் படித்துவிட்டு இணை இயக்குநரிடம் சொல்கிறார். இணை இயக்குநர் இயக்குநரிடம், இயக்குநர் தயாரிப்பாளரிடம். ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் ரசனையின் பெயரை அதன் மேல் எழுதுகிறார். நாலு தடவை மோசமான கதையைச் சிபாரிசு செய்த உதவி இயக்குநரின் பேச்சை ஐந்தாவது தடவை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் அவர் “பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டும் மேலே கொண்டு போகாமல் இருக்கிறார். பிடிப்பது ஒரு விஷயம், தன் பெயரைப் போட்டுச் சுமப்பது அதைவிடப் பெரிய விஷயம்.

ஹாலிவுட்டின் பிளாக் லிஸ்ட் இதே தத்துவத்தைத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிராங்க்ளின் லெனார்ட் 2005-ல் தன்னைப் போல் பிரதிகளைப் படிக்கும் வேலையில் இருந்தவர்களிடம், இன்னும் படமாகாத திரைக்கதைகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை என்று கேட்டுப் பட்டியல் போட்டார். ஆண்டுதோறும் அது வருகிறது. 2012 முதல் கட்டணத்துக்கு மதிப்பீடு செய்யும் தளமும் நடத்துகிறார்கள். அந்தப் பட்டியலில் புதுக் கண்டுபிடிப்பு ஏதும் இல்லை. தனித்தனி அறைகளில் கிடந்த சிபாரிசுகளை ஒரே தாளில் கொண்டுவந்ததுதான் அதன் சாதனை.

பெயர் சம்பாதிக்கும் வழிகள்

சரி, நம்மைத் தெரியாத ஒருவர் நமக்காக எப்படிப் பெயரைப் பணயம் வைப்பார்? இதற்கு நாலைந்து பாதைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு அகலம் இல்லை.

தமிழில் இன்றைக்கும் பெரிய பாதை கூடவே இருந்து வேலை கற்பதுதான். கிட்டங்கியில், அதாவது நகரத்தாரின் வெளிநாட்டு வட்டிக்கடையில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஏஜெண்டாக உயர்ந்தவர்களின் வரலாறு செட்டிநாட்டு வீடு ஒவ்வொன்றிலும் இருக்கும். சினிமாவிலும் அப்படித்தான். சிறுகூடல்பட்டிக்காரரான பஞ்சு அருணாசலம் கவிஞர் கண்ணதாசனிடம் உதவியாளராக இருந்துவிட்டுத்தான் கதை, வசனத்துக்கு வந்தார். காரைக்குடியிலிருந்து போன எஸ்.பி. முத்துராமன் ஏ.வி.எம்மின் எடிட்டிங் பிரிவில் வேலை கற்றவர். இந்தப் பாதையில் நாலைந்து வருடம் போகும், கையில் காசு தங்காது. குடும்பத்தை விட்டு வர முடியாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது எவ்வளவு கடினம் என்பதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. இதைப் பேசாமல் “சென்னைக்குப் போ” என்று மட்டும் சொல்வது நியாயமாகப் படவில்லை எனக்கு.

குறும்படம் அடுத்த பாதை. 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சி தொடங்கியது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள்தான். குறும்படத்துக்குப் பலம் எங்கே என்றால், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இரண்டு மணி நேரம் கேட்பவரைவிடப் பத்து நிமிடம் கேட்பவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். ஆனால் அது இயக்கத்தைக் காட்டும் அளவுக்கு எழுத்தைக் காட்டாது. எழுத்தாளராக மட்டுமே இருக்க விரும்புபவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் லேப். தேர்ந்தெடுத்த சில திரைக்கதைகளை எழுதியவர்களோடு அனுபவசாலிகளை உட்காரவைத்துச் சில வாரங்களோ மாதங்களோ திருத்தி எழுதவைக்கும் பட்டறை அது. தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் அப்படி ஒன்றை நடத்தியிருக்கிறது. 2013-ல் வெளியான ‘தி லஞ்ச் பாக்ஸ்’ அதில் பங்கேற்ற திரைக்கதை. கோவாவில் நவம்பரில் நடக்கும் பிலிம் பஜாரும் அதே கழகத்தின் ஏற்பாடுதான். தயாரிப்பாளர்களும் எழுத்தாளர்களும் மேஜை போட்டுப் பேசும் சந்தை அது. லேபை நான் மனதார மதிக்கிறேன். கொட்டகை போன பிறகு கருத்தும் வாய்ப்பும் மறுபடி ஒரே கூரைக்குள் வருவது அங்கேதான். விண்ணப்பத்தை எந்த மொழியில் கேட்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுங்கள். தமிழில் யோசித்த கதையைக் கடைசி இரவில் மொழிபெயர்த்து அனுப்பினால் உயிர் போய்விடும்.

போட்டி என்றால் பலருக்கும் பரிசுத் தொகைதான் கண்ணில் படுகிறது. அதைவிட முக்கியம், படிப்பவர் யார் என்பது. சினிஸ்தான் என்ற நிறுவனம் நடத்திய திரைக்கதைப் போட்டியில் பிப்லப் கோஸ்வாமி எழுதிய ‘டூ பிரைட்ஸ்’ இரண்டாம் இடம்தான் பெற்றது. ஆனால் நடுவர்களில் ஒருவர் ஆமிர் கான். அந்தக் கதை அவர் மூலம் இயக்குநர் கிரண் ராவிடம் போனது, 2024-ல் ‘லாபதா லேடீஸ்’ ஆக வெளியானது. திரைக்கதையையும் வசனத்தையும் ஸ்நேகா தேசாய் மறுபடி எழுதினார். முதல் பரிசு வாங்காத கதையும் போகலாம், போன பிறகும் இன்னொரு கை படலாம். இரண்டாவதைக் கேட்டுப் பல பிள்ளைகள் முகம் சுருங்குகிறது. படம் என்பது பலர் கூடிச் செய்வது, கதைக்கு உரியவர் பெயர் கதைக்கு வந்துவிட்டால் அது அவமானம் இல்லை.

சுருக்கமாக, வாய்ப்பு என்பது பெயரைப் பணயம் வைத்துச் சுமப்பவர்களின் வரிசை. உதவியாளர் வேலை, குறும்படம், லேப், போட்டி எல்லாம் அந்த வரிசையில் முதல் ஆளைத் தேடிக்கொள்ளும் வழிகள். ஷூட்டிங்கில் இயக்குநரிடம் கட்டை நீட்டுவது, வரிசையில் கடைசியாக நிற்பவரிடம் முதலில் போவது.

“சொன்னால் திருடிவிடுவார்களே?”

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும் கேள்வி இது. பயம் நியாயமானது, ஆனால் சட்டம் எதைக் காக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பயப்படுகிறோம்.

பதிப்புரிமை, அதாவது எழுதியதைப் பயன்படுத்தவும் அனுமதிக்கவும் எழுதியவருக்கு உள்ள உரிமை, நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய உடனே பிறந்துவிடுகிறது. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். ஆனால் அது கருவுக்கு இல்லை, எழுதிய வடிவத்துக்கு. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘வீட்டை விற்க மறுக்கும் ஆச்சி’ என்பது யாருக்கும் சொந்தம் இல்லை. மலேயாவுக்குப் போன கணவர், மூன்று கையெழுத்து, நான்காவதற்கான தயக்கம், காட்சிகள் அடுக்கிய விதம், வசனம் எல்லாம் சேர்ந்த அந்தப் பிரதி அவளுக்குச் சொந்தம். வாய்வழியாக மட்டும் கதை வைத்திருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். எழுதிவிடுங்கள்.

பதிவு என்பது இந்தத் தேதியில் இது என்னிடம் இருந்தது என்பதற்கான சாட்சி. சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும், மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனிலும் பதியலாம். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. 2018-ல் ‘சர்க்கார்’ கதை பற்றிப் புகார் எழுந்தபோது, 2007-ல் சங்கத்தில் பதிவாகியிருந்த ஒரு கதைதான் விவாதத்துக்கு ஆதாரமாக நின்றது. உயர் நீதிமன்றம் வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது, படத்தில் அந்த எழுத்தாளரின் பெயரைக் குறிப்பிட ஒப்புக்கொண்டார்கள். பதியாமல் இருந்திருந்தால் பேச்சே தொடங்கியிருக்காது.

பதிந்த பிறகு பயத்தை இறக்கிவைத்துவிட்டுப் பேசுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், எந்தப் பிரதியை அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் முன்னோர் பேரேடு எழுதிய ஊர் இது, அந்தப் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

முதல் கடிதம்

அனுப்பும் மின்னஞ்சல் ஐந்தாறு வரிக்கு மேல் போக வேண்டாம். ஏன் இவரிடம் அனுப்புகிறோம் என்பதற்கு உண்மையான ஒரு காரணம், ஒன்லைன், முழுப் பிரதி தயார் என்ற தகவல், அனுப்பலாமா என்ற கேள்வி. பிரதியை இணைக்காதீர்கள், அவர்கள் கேட்கட்டும். உங்கள் வறுமையையோ பத்து வருட உழைப்பையோ எழுதாதீர்கள். அது உண்மைதான், ஆனால் அதை வைத்து அவர் மேலே இருப்பவரிடம் எதையும் சொல்ல முடியாது. அவர் திருப்பிச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தைக் கொடுங்கள். ஒன்லைன் இருப்பது இதற்காகத்தான். வாய்க்கு வாய் கைமாறும்போது தேயாமல் போக வேண்டிய சீட்டு அது.

தேவகோட்டைப் பெண் எழுதியது இது: “மலேயாவிலிருந்து திரும்பாத கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட்டால்தான் பங்காளிகள் வீட்டை விற்க முடியும். ஐம்பது வருடமாக அவருக்கும் சேர்த்து இலை போடும் ஆச்சியிடம் பேனாவை நீட்டுகிறார்கள்.”

பதினோரு பேருக்கு அனுப்பினாள். ஏழு பேரிடமிருந்து பதில் இல்லை. மூன்று பேர் இப்போது முடியாது என்றார்கள். போன மாதம் ஒரு இணை இயக்குநர் முழுப் பிரதியைக் கேட்டார். அன்று இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் பண்ணினாள். சந்தோஷத்தில் கத்துவாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, 41-ஆம் பக்கத்துல ஆச்சி பேரன்கிட்ட பேசுற இடம் இருக்குல்ல, அதை நம்ம கூட்டத்துல ரெண்டு பேர் திரும்பப் படிச்சாங்கன்னு நோட்டுல எழுதியிருக்கேன். புரியாம திரும்பப் படிச்சாங்களா, பிடிச்சுத் திரும்பப் படிச்சாங்களா? அதைக் கேட்டுட்டு நாளைக்குக் காலையில அனுப்புறேன்.”